ஆப்பிள் ஜூஸ் ஏன் பழுப்பாகிறது?

கேள்வி: மிக்ஸியில் ஆப்பிள் ஜூஸ் போட்டால் சில நிமிடங்களிலேயே பழுப்பாகிவிடுகிறது. ஒரே நுரை, கூழ். கடை ஜூஸ் போலத் தெளிவாக வர வழி உண்டா?

பதில்: நறுக்கிய ஆப்பிளில் காற்றுப் பட்டதும் அதிலுள்ள நொதி வேலையைத் தொடங்கிவிடும், பழுப்பு நிறம் அதனால்தான். எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை மட்டுப்படுத்தும். ஆனால் ஜூஸ் போட்டு முடித்த பிறகு பிழிந்தால் பயன் குறைவு. 4 நடுத்தர ஆப்பிளுக்கு (சுமார் 600 கிராம்) 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, 150 மில்லி குளிர்ந்த தண்ணீர். இரண்டையும் முதலில் ஜாரில் ஊற்றிவிட்டு, பழத்தை நறுக்க நறுக்க அதிலேயே போடுங்கள். விதைகளை அவசியம் எடுத்துவிட வேண்டும். அரைபட்டால் கசக்கும், உடலுக்கும் ஆகாது. மெழுகு பூசிய பழமென்றால் தோலைச் சீவிவிடுங்கள்.

விட்டுவிட்டு ஐந்தாறு முறை சுற்றி, பிறகு 30 விநாடி ஓட்டினால் போதும். அதிக நேரம் ஓட்டினால் காற்று புகுந்து நுரை பெருகும், ஜாரும் சூடேறும். நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில் ஊற்றித் தானாக வடியவிடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் சாறு கூடும், கூழும் சேர்ந்தே இறங்கும். பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

மாவாகிப்போன பழத்தில் இந்த முறை பலிக்காது. அரைத்தால் களியாகும், சாறு பிரியாது. விரலால் சுண்டினால் கெட்டியாக ஒலிக்கும் பழமாகப் பார்த்து வாங்குங்கள். கடை ஜூஸை வேறு வகை நொதி சேர்த்து, நுண்ணிய வடிகட்டியில் தெளியவைக்கிறார்கள். வீட்டு ஜூஸ் லேசாகக் கலங்கித்தான் இருக்கும். அது குறையே இல்லை.

கேள்வி: மறுநாள் வரை வைக்கலாமா?

பதில்: கண்ணாடி பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஜூஸ் வேண்டாம். ஆறு மாதம் முடிந்த பிறகு வேகவைத்து மசித்த ஆப்பிளே நல்லது.