'கோ ஓஃப்' என்றால் அடிக்கிறதா, அணையிறதா?

ஓ.எல். சோதினை எடுக்கப்போற முல்லைத்தீவுத் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறா: இங்கிலீசில் அலாரம் 'வென்ற் ஓஃப்' ('கோ ஓஃப்' என்றதின் இறந்தகாலம்) என்றால் அடிச்சதாம், லைற் 'வென்ற் ஓஃப்' என்றால் அணைஞ்சதாம். ஒரே சொல் எப்பிடி இரண்டையும் சொல்லும்?

தங்கச்சி, கிளிநொச்சியில் என்னட்டைப் படிக்கிற பிள்ளையளும் இதிலதான் தடுமாறுகினம். 'போன் ஓஃப்', 'ஃபான் ஓஃப்' என்று நாள் முழுக்கச் சொல்லி, ஓஃப் என்றால் நின்றுபோனது என்றே எங்களுக்குப் பழகிப்போச்சு. இருந்த நிலையைவிட்டு விலகிறதும் ஓஃப்தான். அதனால் சொல்லைப் பார்க்காமல், அந்தப் பொருள் முதல் எப்பிடி இருந்தது என்று பாருங்கோ.

சாவி குடுக்கிற பழைய மணிக்கூட்டில் அலாரத்துக்குச் சுருள்வில்லை முறுக்கி வைப்பம். அது அவிழாமல் ஒரு சின்னக் கொளுக்கி பிடிச்சுக்கொண்டிருக்கும். வைச்ச நேரம் வந்ததும் கொளுக்கி விலகும், மணி கிணுகிணுக்கும். துவக்கும் அப்பிடித்தான், விசையை இழுத்தால் உள்ளே பிடிச்சிருந்தது விடுபட்டு வெடிக்கும். மிதிவெடி பற்றி வன்னிப் பிள்ளையளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அடங்கிக் கிடந்தது கிளம்பினால், மூன்றுக்கும் 'வென்ற் ஓஃப்'.

லைற் முதல் எரிஞ்சுகொண்டு இருந்தது. அந்த நிலையைவிட்டுப் போனால் இருட்டு. பாலும் அப்பிடித்தான்: நல்லாயிருந்த பால் பழுதானால் 'த மில்க் ஹஸ் கோன் ஓஃப்'. இது பிரித்தானிய வழக்கு, அமெரிக்கர் 'கோன் பாட்' என்பினம். எங்கட பாடத்துக்குப் பிரித்தானிய வழக்கே போதும்.

ஒருவர் புறப்பட்டுப் போனாலும் இதே சொல்தான், அதில் குழப்பம் இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் குறையில்லாமல் நடந்து முடிஞ்சால் 'த பொங்கல் வென்ற் ஓஃப் வெல்'. இந்தக் கருத்தில் வரேக்க 'வெல்', 'ஸ்மூத்லி' மாதிரி எப்பிடி நடந்தது என்று சொல்லுற ஒரு சொல் கூடவே வரும். அதைக் கண்டால் வெடியும் இல்லை, இருட்டும் இல்லை.

பின்னால் ஒரு பொருளின் பெயர் வந்தால் கவனம். 'ஐ ஹவ் கோன் ஓஃப் ரீ' என்றால் தேத்தண்ணியில் இருந்த விருப்பம் விட்டுப்போச்சு என்று அர்த்தம். 'கோன் ரீ ஓஃப்' என்று நடுவில் செருகக் கூடாது.

சோதினையில் அதிகம் பிழைக்கிறது வேறொன்று. மிதிவெடி 'வென்ற் ஓஃப்' என்றால் அது வெடிச்சது, அவ்வளவுதான். மேயப்போன மாடு மிதிச்சு வெடிச்சது என்றால் வெடிக்க வைச்சது மாடு. அங்கே 'த கௌ வென்ற் ஓஃப் த மைன்' என்று எழுதினால் பிழை, 'த கௌ செற் ஓஃப் த மைன்' என்று எழுதுங்கோ. 'செற்' இறந்தகாலத்திலும் 'செற்' தான், 'செற்றட்' என்று எழுதிப்போடாதேங்கோ.