பழைய ஹோண்டா என்எஸ்எக்ஸ், புதிய என்எஸ்எக்ஸ்: ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது?

ஹோண்டாவின் இந்த ஸ்போர்ட்ஸ் காரில் 1990-ல் வந்த பழையதுதான். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

யோகோஹாமாவில் வேலை பார்த்தபோது எங்கள் அலுவலகத்து மூத்த பொறியாளர் ஒருவரிடம் 1991 மாடல் இருந்தது, ஐந்து கியர் மேனுவல். ஒரு ஞாயிறு காலை ஹகோனே மலைப்பாதையில் பாதித் தூரம் அவரே ஓட்டிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். அந்தக் கால மேனுவல் வண்டிக்குப் பவர் ஸ்டீரிங் கிடையாது, நிறுத்துமிடத்தில் திருப்பும்போது தோள் கடுக்கும். ஆனால் உருள ஆரம்பித்த பிறகு சாலையின் ஒவ்வொரு வெடிப்பும் உள்ளங்கையில் தெரியும், வளைவில் முன் டயருக்கு இன்னும் எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்பதையும் கையே சொல்லிவிடும். முதுகுக்குப் பின்னால் 3 லிட்டர் வி6 என்ஜின், அதாவது ஆறு சிலிண்டர். 5800 ஆர்பிஎம் பக்கம் விடெக் (என்ஜின் வேகத்துக்கு ஏற்ப வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் ஹோண்டா அமைப்பு) மாறுகிறது, அங்கிருந்து 8000 வரை ஏறும் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே தேவையில்லாமல் கியரைக் குறைத்தேன்.

அந்த உணர்வுக்கு முதல் காரணம் எடைதான். உடல் முழுக்க அலுமினியம், வண்டி சுமார் 1350 கிலோ. என்ஜினில் பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகூட டைட்டானியம். 1989-ல் சுசூகா பந்தயப் பாதையில் சோதனை வண்டியை ஓட்டிய ஃபார்முலா ஒன் வீரர் அயர்டன் சென்னா, உடல்கட்டு கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது என்று சொன்னதும் ஹோண்டா பொறியாளர்கள் மறுபடி உட்கார்ந்து அதை இறுக்கினார்கள். 280 குதிரைத்திறன் இன்றைக்குப் பெரிய எண் இல்லை, அந்த எடைக்குத் தாராளம்.

சரி, புதியது. 2016-ல் விற்பனைக்கு வந்தது, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் தயாரானது. டோக்கியோவில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6, மூன்று மின்மோட்டார், ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக், எல்லாம் சேர்ந்து 570-க்கு மேல் குதிரைத்திறன். விடிகாலையில் பெட்ரோல் என்ஜினை எழுப்பாமல் மின்சாரத்திலேயே தெருவை விட்டு வெளியே வந்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முன்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார் இருப்பதால் வளைவில் வெளிச்சக்கரத்தைத் தள்ளி வண்டியை உள்ளே இழுத்துவிடுகிறது, வேகத்தில் பழையது இதன் கிட்டேயே வர முடியாது. ஆனால் பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து எடையை 1700 கிலோவுக்கு மேல் கொண்டுபோய்விட்டன. வளைவை நான் எடுத்தேனா, வண்டி எடுத்துக் கொடுத்ததா என்று பல இடங்களில் எனக்குப் புரியவில்லை. மழை நாளில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போக வேண்டும் என்றால் அந்த உதவி பெரிய விஷயம் என்பீர்கள், இரண்டுமே இருவர் வண்டி என்பதால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

அப்புறம், பழையதை எப்படிப் பராமரிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஜப்பானில் ஹோண்டாவே முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துக் கொடுக்கிறது, அந்தப் பொறியாளரும் தன்னுடையதை அங்கேதான் அனுப்பினார். வாங்குவதாக இருந்தால் என்ஜினைவிட முதலில் உடலைப் பாருங்கள். அலுமினியத்தை ஒழுங்காக நிமிர்த்தத் தெரிந்தவர்கள் குறைவு, அடிபட்டு அரைகுறையாகச் சரிசெய்த வண்டி என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள்.