சின்னச் சுருட்டைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: கியூபா சுருட்டான மான்டேகிறிஸ்டோ நம்பர் 5 சிலவற்றை மைத்துனர் தந்தார். தரத்தை எப்படி மதிப்பிடுவது?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நுனியை வெட்டி, பற்றவைக்காமலே இழுத்துப் பாருங்கள், காற்று தடையின்றி வந்தால் கைதேர்ந்தவர் சுருட்டியது. 102 மி.மீ. நீளமும் சுமார் 16 மி.மீ. தடிமனுமே உள்ள இது விரைவில் சூடேறிவிடும் என்பதால், நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும்; புகையை நெஞ்சுக்குள் விடாமல் நாக்கில் படரவிட்டு வெளியேற்றுங்கள். தென்மேற்குப் பருவமழையில் திறந்து கிடந்த சுருட்டு ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். இழுப்பு அடைபடும், அடிக்கடி அணையும். அதை வைத்துச் சுருட்டைக் குறை சொல்வது நியாயமல்ல. 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் சில வாரங்கள் மூடி வைத்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். என்னைப் பொறுத்தவரை, கடைசி மூன்றில் ஒரு பங்கிலும் காப்பி, மரவாசனை கசப்பாகத் திரியாமல் நின்றால் அது உயர்ந்த சரக்கு.