வரலாறு படிக்க விரும்பும் மகள்: கூடலூர்த் தந்தை ஒருவருக்கு ஆலோசனை மடல்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள் வணிகவியலையும் செவிலியர் படிப்பையும் விட்டுவிட்டு இளங்கலை வரலாறுதான் வேண்டும் என்று நிற்பதையும், ஓராண்டாக அப்பாயியின் அருகில் கைபேசியை வைத்துக்கொண்டு இலங்கையிலிருந்து குடும்பம் கப்பலேறிய தலைமன்னார், வந்து தங்கிய மண்டபம் முகாம் என்று பழங்கதை கேட்டுப் பொழுதைக் கழிப்பதையும் வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தகப்பனார், இந்தப் படிப்பு சோறு போடுமா என்று கேட்பது நியாயமே. அதற்கு நேரான விடையைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன், உங்கள் மகள் செய்வது வீண்பொழுது அன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். வாய்மொழி வரலாறு என்று அதற்குப் பெயர். 1948-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சிங்கப்பூர் 1979 முதல் தன் மக்களின் நினைவுகளைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பதிவுசெய்து தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்து வருகிறது.

உங்கள் குடும்பத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகாத டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால், திரும்பி வந்தவர்களின் கப்பல் இராமேசுவரத்தில் வந்து நின்றது. இவ்வளவும் கோப்புகளில் இருக்கிறது. ஆனால் எந்தக் கோப்பும் சொல்லாதவை பல. அண்ணனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் தம்பிக்கு இந்தியக் கடவுச்சீட்டும் கிடைத்த வீட்டில் அன்று இரவு என்ன பேசிக்கொண்டார்கள்? தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையோடு மண்டபம் முகாமிலிருந்து, முன்பின் பார்த்திராத நீலகிரிக்கோ வால்பாறைக்கோ கிளம்பியபோது மூட்டையில் எதை வைத்தார்கள், எதை விட்டுவந்தார்கள்? மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று அழைத்தார்கள். அந்த ஒற்றைச் சொல்லில் இருப்பதை எந்தப் புள்ளிவிவரமும் தந்துவிட முடியாது. அந்தச் சொல்லைத் தம் வாயால் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதை ஒட்டிய வயதினர். அவர்கள் போய்விட்டால் அந்தப் பகுதி வரலாறும் அவர்களோடு போய்விடும். உங்கள் மகளின் அவசரத்துக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதேசமயம், கைபேசியில் பதிந்துவிட்டால் மட்டும் அது வரலாறு ஆகிவிடாது. இதை உங்கள் மகளிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நினைவு தவறும், ஆண்டு மாறும், பிறர் சொன்னது தான் கண்டதுபோலக் கலந்துவிடும். ஆகவே அப்பாயி சொன்ன ஆண்டைக் குடும்ப அட்டையிலும் கடவுச்சீட்டிலும் உள்ள தேதியோடு ஒப்பிட வேண்டும். முரண்பட்டால் அப்பாயியைத் திருத்தாமல், முரண்பாட்டையும் சேர்த்தே குறித்துவைக்க வேண்டும், ஏனெனில் ஒருவர் ஏன் அப்படி நினைவு வைத்திருக்கிறார் என்பதே பல வேளைகளில் முக்கியமான செய்தியாக இருக்கும். பேசுபவரிடம் எழுத்திலோ, எழுதத் தெரியாதவராயின் குரல்பதிவிலோ ஒப்புதல் பெற வேண்டும். எந்தப் பகுதியை வெளியிடலாம், எதைக் கூடாது என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதை முன்பே விளக்க வேண்டும். இறந்த குழந்தையைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்தால் பதிவை நிறுத்திவிட்டுத் தேநீர் போட்டுக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பண்பை எந்தப் பாடத்திட்டத்தாலும் முழுதாகக் கற்பித்துவிட முடியாது. அது உங்கள் மகளிடம் இருப்பதாகவே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. மற்றபடி, ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பெரட்டு (காலை ஆள்கணக்கு), கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்) போன்ற தோட்டச் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். பதிவின் படிகளைக் குறைந்தது மூன்று இடங்களில் வைக்க வேண்டும்.

இனி வேலைவாய்ப்பு. ‘வாய்மொழி வரலாற்றாளர்’ என்ற பதவிப் பெயரில் அடிக்கடி விளம்பரம் வரும் என்று நம்பி யாரும் கல்லூரியில் சேரக் கூடாது. இது தனித்த தொழில் என்பதைவிட, வேறொரு நிலையான தொழிலோடு சேரும்போது மதிப்புக்கூடும் திறன் என்று கொள்வதே சரி. அந்த நிலையான தொழில்களில் முதலாவது ஆசிரியப் பணி: இளங்கலையும் கல்வியியல் பட்டமும் பெற்று ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கும், முதுகலையும் முடித்தால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கும் போட்டியிடலாம். போட்டி கடுமையானது, ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்ற உறுதியும் இல்லை. காத்திருக்கும் காலத்தைக் குடும்பம் தாங்குமா என்று நீங்கள் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஆவணக் காப்பகப் பணி. தில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் ஆவணவியலில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் காப்பகம் அறிவியலாளர்களின் வாய்மொழிப் பதிவுகளைச் சேர்த்துவருகிறது. டாட்டா, கோத்ரெஜ் போன்ற தொழில் குழுமங்கள்கூடத் தமக்கெனக் காப்பகம் வைத்திருக்கின்றன. இவற்றில் இடங்கள் குறைவுதான். ஆனால் நேர்காணல் எடுக்கவும் எழுத்தாக்கவும் அட்டவணைப்படுத்தவும் தெரிந்தவர்களும் குறைவு. ஆராய்ச்சி, இதழியல், அருங்காட்சியகம், ஆவணப்படம் ஆகிய துறைகளிலும் இதே திறன் கைகொடுக்கும். குடிமைப் பணித் தேர்வுக்கு வரலாறு உதவும் என்பது நீங்கள் அறிந்ததே.

ஆகவே என் கருத்து இது. உதகை அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாற்றில் சேருங்கள். செலவு குறைவு, அப்பாயியும் அருகிலேயே இருப்பார். பட்டத்தோடு கல்வியியலையும் ஒருசேர முடிக்க விரும்பினால் மைசூரிலுள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனத்தில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு விவரங்களை இப்போதே விசாரியுங்கள். எதில் சேர்ந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதவும் கணினியில் தமிழை விரைவாகத் தட்டச்சு செய்யவும் பழகிவிட வேண்டும்; இந்தத் துறையில் வேலை தருபவர்கள் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். மூன்றாம் ஆண்டின் முடிவில் நல்ல முறையில் எழுத்தாக்கிய பத்து நேர்காணல்களாவது கையில் இருந்தால், மேற்படிப்புச் சேர்க்கையிலும் வேலை நேர்காணலிலும் பட்டச் சான்றிதழுக்கு இணையாக அவை பேசும். செவிலியர் படிப்பில் வேலை உறுதி கூடுதல் என்பதை மறுக்கவில்லை. விருப்பமில்லாத பிள்ளையை அந்தப் பணியில் தள்ளுவது நோயாளிகளுக்கும் நல்லதன்று.

ஆசிரியப் பணியைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் பகுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர் தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகள். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கற்பிக்கும் நாளில், அதே ஊர் மூதாட்டி ஒருவர் கப்பலில் ஏறிய கதையை மூன்று நிமிடம் ஒலிக்கவிட்டு, பின்னர் ஒரு பழைய குடும்ப அட்டையை மாணவர் கையில் கொடுத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லும் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். ‘சிலோன்காரங்க’ என்று பிறர் சொல்லக் கேட்டுக் கூசிய பிள்ளை அன்று தன் வீட்டுக்குப் போய்த் தன் தாத்தாவிடம் கேள்வி கேட்கும். அந்த ஆசிரியையாக உங்கள் மகள் வர முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்பாயிக்கு எண்பத்திரண்டு வயது என்றும், காது மந்தமாகிவருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கல்லூரி திறக்கச் சில வாரங்கள் இருக்கின்றன. மழை இரைச்சல் இல்லாத ஒரு காலை வேளையில், தகரக் கூரையின் கீழ் அல்லாமல் உள்ளறையில், சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்றை வாங்கிக்கொடுத்து, முதல் பதிவை முறையாகத் தொடங்கச் சொல்லுங்கள். நான்கு வயதில் அந்தக் கப்பலில் நீங்களும் வந்ததாக ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து சென்றிருக்கிறீர்கள். அப்பாயிக்கு அடுத்ததாக அவள் உங்களைத்தான் உட்காரவைக்க வேண்டும், மறுக்காமல் உட்காருங்கள். பிறகு மூவரும் ஒருநாள் என் அலுவலகத்துக்கு வாருங்கள். குடும்ப அட்டை பெட்டியில் எங்கேனும் இருந்தால் அதையும் மறவாமல் எடுத்துவாருங்கள்.