இரண்டு குழந்தைகள், வீடு, வேலை. இதற்கு நடுவில் ஓடி எடை குறைக்க முடியுமா?

உங்களுக்கு வயது 34, எடை 76 கிலோ, மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு ஒன்றரை, ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடினால் எடை குறையுமா, நேரத்துக்கு எங்கே போவது, மாமியார் சொல்வது போல முட்டி தேய்ந்து கர்ப்பப்பை இறங்கிவிடுமா என்று மூன்று கேள்விகள். மூன்றும் ஒரு காலத்தில் நானும் கேட்டவை. நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் 74 கிலோ இருந்தேன், இப்போது 66. முதல் முறை ஓட ஆரம்பித்து ஏழே வாரத்தில் நிறுத்தினேன். இரண்டாவது முறை ஆரம்பித்தது இன்றுவரை தொடர்கிறது. அந்த இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்பதுதான் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் எடை. இதில் யாரும் உங்களுக்கு உண்மைக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோமீட்டர் ஓடினால், நம் உடல் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கலோரி செலவாகும். உங்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 76. வாரம் மூன்று நாள், நாளைக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் வாரத்துக்குச் சுமார் 900 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700. அதாவது ஓட்டத்தை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய இரண்டு மாதம் ஆகும். ஆரம்பத்தில் நான்கு கிலோமீட்டரும் ஓட முடியாது. இது தெரியாமல்தான் பலரும் ஒரே மாதத்தில் மனம் விட்டுப்போகிறார்கள்.

எனக்கு முதல் ஆறு வாரம் எடை குறையவே இல்லை. அரை கிலோ ஏறியது. புதிதாக உழைக்கும் தசைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது கொழுப்பு இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதே ஆறு வாரத்தில் சுடிதார் இடுப்பில் தளர்ந்திருந்தது. அதனால் எடை இயந்திரத்தில் மாதம் ஒரு முறை மட்டும் ஏறுங்கள். ஒரு இன்ச் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள்.

மிச்ச வேலை அடுப்படியில். நான் புதிதாக எந்த உணவுத் திட்டத்துக்கும் போகவில்லை. இரண்டு விஷயம்தான் மாற்றினேன். ஒன்று, குழந்தைகள் தட்டில் மிச்சம் வைப்பதை வாயில் போட்டுக்கொள்வது. வீணாகிறதே என்று அரை தோசை, இரண்டு வாய் தயிர்சாதம், கடித்துவிட்டு வைத்த பிஸ்கட். ஒரு வாரம் எழுதிப் பார்த்தபோதுதான் அது தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டில் பாதி என்று தெரிந்தது. இப்போது அவர்களுக்கு வைக்கும்போதே குறைவாக வைக்கிறேன், கேட்டால் மறுபடி போடுகிறேன். இன்னொன்று எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, அது ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டம். பொரியலுக்குக் கண்ணளவில் ஊற்றுவதை விட்டுவிட்டுக் கரண்டியால் அளந்தேன். எட்டு கிலோ குறைய எனக்கு 14 மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் இந்த இரண்டும் செய்த வேலை. பிறகு எதற்கு ஓட வேண்டும் என்று கேட்பீர்கள். குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருப்பது ஓட்டத்தால். மாடி ஏறினால் மூச்சு வாங்காததும், படுத்தவுடன் தூக்கம் வருவதும் ஓட்டத்தால்.

இப்போது நேரம். இங்கேதான் நான் முதல் முறை தப்புச் செய்தேன்.

யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஓட வேண்டும் என்று நினைத்தேன். அதனால் நாலேகாலுக்கு எழுந்தேன். ஓடிவிட்டு வந்து வழக்கம் போலப் பால் காய்ச்சி, டிபன் செய்து, இரண்டு டப்பா கட்டி, வேன் வரும்போது தலை பின்னிவிட்டு, நானும் கிளம்பினேன். ராத்திரி பாத்திரம் கழுவிப் படுக்கப் பதினொன்று. அதாவது வீட்டில் யாருடைய காலையும் மாறவில்லை, என் தூக்கம் மட்டும் ஐந்து மணி நேரமாகச் சுருங்கியது. ஏழாவது வாரம் காய்ச்சல் வந்து படுத்தேன். அதற்கு முன்பே தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது, குழந்தைகளிடம் எரிந்து விழுந்தேன். தூக்கம் குறைந்தால் பசியும் அதிகமாகும், இனிப்பைத் தேடும். எனக்கு அப்படியே நடந்தது. நமக்கெல்லாம் ஓட்டம் ஒத்துவராது என்று முடிவு செய்து ஷூவை அட்டத்தில் போட்டேன்.

ஒரு வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்தபோது கணவரிடம் உட்கார்ந்து பேசினேன். “ஏனுங்க, செவ்வாயும் வியாழனும் காலைல அஞ்சே முக்கால்ல இருந்து ஆறரை வரைக்கும் நான் வீட்டுல இருக்க மாட்டேன். குழந்தைங்க எந்திரிச்சா நீங்க பாத்துக்கணும். பால் நீங்க காய்ச்சணும்.” அவர் மறுக்கவில்லை. இத்தனை நாள் நான் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். முதல் இரண்டு வாரம் பால் பொங்கி வழிந்தது, சின்னவன் அழுதான், நான் தெருமுனையில் இருந்தே அதைக் கேட்டேன். திரும்பி ஓடவில்லை. மூன்றாவது வாரம் அவன் அப்பாவிடமே பால் கேட்டான்.

அந்த இரண்டு நாளும் மதியத்துக்கு எலுமிச்சை சாதம் அல்லது தக்காளி சாதம், ஒரு உருளைக்கிழங்கு வறுவல் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். காய் முந்தின ராத்திரியே நறுக்கியிருக்கும். ஞாயிறு மட்டும் எல்லோரும் ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போகிறோம். அங்கே ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். நான் ஓடும்போது அவர் குழந்தைகளை நடத்திக் கூட்டி வருவார். காலையே முடியாது என்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. மகளைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு 45 நிமிடம் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த நேரம் போதும். மழைக்காலத்தில் நான் அப்படித்தான் வகுப்பு நடக்கும் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறேன்.

ஷூ வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சலில் பார்த்தபோது எனக்கு ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த நிலையில் ஓடினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், நாம் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து நம்மையே திட்டிக்கொள்வோம். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம், எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள் என்றார். டீயும் காபியும் இரும்பைச் சேரவிடாது, வைட்டமின் சி சேர உதவும். மூன்று மாதத்தில் 12 தொட்டது. அதே தெரு, அதே நான், மூச்சு மட்டும் வேறு. தைராய்டும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

ஓடுவது எப்படி என்பதற்கு நான் பின்பற்றியது ‘கௌச் டு 5கே’ (சோபாவில் இருந்து ஐந்து கிலோமீட்டருக்கு) என்ற ஒன்பது வாரத் திட்டம். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பதுகளில் இருந்த தன் அம்மாவை மனதில் வைத்து எழுதியது. முதல் வாரம் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, அறுபது நொடி ஓட்டம், தொண்ணூறு நொடி நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். அவ்வளவுதான். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஒன்பது வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம் ஓடலாம். எனக்குப் பதினேழு வாரம் பிடித்தது. ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுவாரமும் செய்தேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வாரம் பின்னால் போனேன்.

வேகம் பற்றி ஒன்றே ஒன்று. பக்கத்தில் ஒருவர் கூட வந்தால் அவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நான் ஆரம்பத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். வேகமாக நடப்பவர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

முட்டிக்கு வருகிறேன். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரையில், உடற்பயிற்சிக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடுபவர்கள் ஒல்லியாக இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஓடினாலே தேய்ந்துவிடும் என்பது சரியில்லை. எடையோடு ஆரம்பிப்பதால் மெதுவாகக் கூட்ட வேண்டும், தொடையும் கெண்டைக்காலும் பலப்பட வேண்டும். தோசை வேகும் நேரத்தில் குதிகாலை உயர்த்தி இறக்குவது இருபது தடவை, வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போல 15 தடவை மூன்று முறை. அது போதும்.

கர்ப்பப்பை விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். என் அத்தையும் இதையேதான் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணம் சரியாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் அவர்கள் பயந்த இடம் உண்மையான இடம். பிரசவத்தில் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்துபோகும். கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்குவது அவைதான்.

எனக்கு இரண்டாவது வாரமே ஓடும்போது சிறுநீர் கசிந்தது. அதற்கு முன் தும்மினால் கசியும், அதைப் பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். ஓட்டத்தில் தெருவில் நடுவே நின்றபோது அழுகையே வந்துவிட்டது. அந்த மாதம் மூன்று தோழிகளிடம் கேட்டேன். மூன்று பேருக்கும் இருந்தது. ஒருவரும் வீட்டில்கூடச் சொன்னதில்லை. இதை இங்கே வெளிப்படையாக எழுதுவது அதனால்தான்.

மகப்பேறு மருத்துவரிடம் போனேன். கர்ப்பப்பை இறக்கம் இல்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அவர் கற்றுக்கொடுத்தது கீகல் பயிற்சி. சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடித்து, சில நொடி வைத்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு முறைக்கு எட்டு தடவையாவது, நாளுக்கு மூன்று முறை, குறைந்தது மூன்று மாதம். வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. பேருந்தில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். பத்து வாரத்தில் எனக்குக் கசிவு நின்றது. அதுவரை நடை மட்டும்.

உங்கள் சின்னவனுக்கு ஒன்றரை வயது என்பதால் காலம் தாண்டிவிட்டது. ஆனால் இதைப் படிக்கும் வேறு தாய்மார்களுக்காகச் சொல்கிறேன், பிரசவமாகி மூன்று மாதமாவது ஓட வேண்டாம், அறுவை சிகிச்சை என்றால் மருத்துவர் சரி சொல்லும் வரை பொறுங்கள். அடிவயிற்றில் ஏதோ கீழே இறங்குவது போலக் கனமாக இருந்தாலோ, மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது நடு வயிறு கூம்பு போல மேலே எழும்பினாலோ காட்டிவிட்டுத்தான் ஓட வேண்டும். பால் கொடுக்கிறவர்கள் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு பாரம் இருக்காது.

உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். டிராக் பேண்ட், முட்டிவரை தொங்கும் பருத்திச் சட்டை. ஆனால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா கட்டாயம். ஷூவைச் சாயந்திரம் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும், கட்டை விரலுக்கு முன்னால் அரை விரல் இடம் வேண்டும். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று, முதுகைக் காட்டாமல் நடந்து கடந்துவிடுங்கள். இருட்டு எனக்கும் பயம்தான். அதனால் மார்கழியில் ஆரம்பித்தேன். விடிய ஆறரை ஆகிவிடும் என்றாலும் ஐந்தரைக்கே ஒவ்வொரு வாசலிலும் யாராவது கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும், தெரு விழித்திருக்கும். தை பிறந்தபோது அந்த வாசல்காரர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் வராவிட்டால் “என்ன கண்ணு, உடம்புக்கு முடியலையா” என்று கேட்கும் அளவுக்கு.

நீங்கள் இந்த வாரம் ஓட வேண்டாம். ரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் முடியட்டும், அதுவரை அந்த நேரத்தில் நடந்து பழகுங்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை பால் யார் காய்ச்சுவது என்பதை மட்டும் இன்று ராத்திரியே வீட்டில் பேசிவிடுங்கள்.