பாட்டி சொன்ன கதையைப் படிக்க 600 வெள்ளியா?

வாசகர் கேள்வி – நூலகர் பதில்

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்து, என் பாட்டியிடம் பால்மரம் வெட்டிய காலத்துக் கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். புத்தகம் வெளிவந்துவிட்டது. விலை 600 வெள்ளிக்குப் பக்கம். பாட்டி சொன்னதைச் சரியாக எழுதியிருக்கிறாரா என்றுகூட எங்களால் பார்க்க முடியவில்லை. இணையத்தில் இலவசமாகப் போட்டால் என்ன?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: டீச்சர், உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் வாங்கும் பிரிவில் இருந்தபோது, தோட்டத்து மக்களைப் பற்றிய ஆய்வு நூல்களுக்கு நான்தான் ஆர்டர் போடுவேன். ஒரே ஒரு பிரதி வரும், அலமாரிக்குப் போகும். அதில் யாருடைய வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறதோ அவர்கள் வந்து அதை எடுத்துப் படித்து நான் பார்த்ததில்லை.

இந்த விலைக்கு அச்சுக்கூலி பெரிய காரணம் இல்லை. துறை அறிந்தவர்கள் படித்துக் குறை சொல்ல வேண்டும். பதிப்பாசிரியர் வரிவரியாகத் திருத்த வேண்டும். வரைபடம், பட உரிமை, சொல்லடைவு, பக்க அமைப்பு என்று ஒவ்வொன்றும் சம்பளம் வாங்கும் ஒருவருடைய உழைப்பு. அமெரிக்காவில் 20 பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் கணக்கைப் பார்த்து 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு நூலைக் கொண்டுவர ஆகும் செலவு, குறைந்தது 15,000 டாலர். சில நூல்களுக்கு 1 லட்சம் டாலரையும் தாண்டியிருக்கிறது. விற்பதோ பெரும்பாலும் சில நூறு பிரதிகள்தான். கோப்பாக இணையத்தில் ஏற்றினாலும் இந்த உழைப்புக்கு யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எழுதியவரையே கொடுக்கச் சொல்வது ஒரு வழி. பெரிய பதிப்பகங்கள் ஒரு நூலை எல்லாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கத் திறந்துவிட 10,000 பவுண்டு அளவில் கேட்கின்றன. பிரிட்டனில் யுகேஆர்ஐ என்ற அரசு ஆய்வு நிதி அமைப்பு, தன் பணத்தில் நடந்த ஆய்விலிருந்து வரும் நூல்கள் வெளியான ஓராண்டுக்குள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 35 லட்சம் பவுண்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நிதி பெறாத ஆய்வாளருக்கு, ஈப்போவில் பகுதிநேர விரிவுரையாளராக இருக்கும் நம் பிள்ளைக்கு, யார் கொடுப்பார்கள்? படிக்கப் பணம் வேண்டும் என்ற நிலை போய், எழுதப் பணம் வேண்டும் என்றாகிவிடும். இதை நான் ஏற்கவே மாட்டேன்.

நான் நம்பும் வழி உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், உங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். நூலகங்களும் அப்படிச் சேரலாம். 2014-ல் நாலெட்ஜ் அன்லாட்ச்டு என்ற திட்டத்தில் 24 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 300 நூலகங்கள் பணம் போட்டு 28 நூல்களைத் திறந்துவிட்டன. ஒரு நூலுக்கு ஒரு நூலகத்தின் பங்கு சராசரியாக 43 டாலர்கூட இல்லை. ஒரு பிரதி வாங்குவதைவிடக் குறைந்த பணத்தில் உலகத்துக்கே புத்தகம் கிடைத்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பதிப்பகமும் 2021-ல் இப்படி ஒரு திட்டத்தை அறிவித்து, 2022 முதல் நூலகங்களின் கூட்டுப் பணத்தில் தன் ஆய்வு நூல்களைத் திறந்துவிடுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. கூட்டுறவில் கட்டியவருக்குத்தான் பங்கு. இங்கே பணம் கட்டாத நூலகத்துக்கும் புத்தகம் வந்துவிடும். பட்ஜெட் வெட்டு வரும் ஆண்டில், “சும்மா கிடைப்பதற்கு ஏன் பணம்?” என்று கணக்குப் பிரிவு கேட்கும். அந்த மேசைக்கு முன்னால் நானும் நின்றிருக்கிறேன். ஆய்விதழ்ச் சந்தா பெரும்பணத்தை விழுங்கிய பிறகு மிஞ்சுவதே கொஞ்சம். நாலெட்ஜ் அன்லாட்ச்டும் 2021-ல் வைலி என்ற வணிகப் பதிப்பக நிறுவனத்தின் கைக்குப் போனது. பொதுநலத்துக்காகப் பலர் சேர்ந்து வளர்த்ததை ஒரு கம்பெனி வாங்கிக்கொள்ளலாம் என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆகையால் அரசும் பல்கலைக்கழகங்களும் இதைத் தங்கள் வழக்கமான செலவாகவே எழுதி வைக்க வேண்டும்.

சரி, இப்போது நீங்கள் செய்யக்கூடியது. பேராசிரியருக்கு நேராக எழுதுங்கள். எழுதியவருக்குப் பதிப்பகம் சில இலவசப் பிரதிகள் தருவது வழக்கம். ஒன்றைப் பள்ளிக்குக் கேளுங்கள். பாட்டி பேசும் அத்தியாயத்தை மட்டுமாவது பகிர ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அப்புறம், அதைத் தமிழில் பெயர்க்க அனுமதி வாங்குங்கள். பாட்டி தமிழில் சொன்னது இப்போது ஆங்கிலத்தில் இருக்கிறது. கோப்பு கிடைத்தாலும் அவருக்குப் படித்துக்காட்டத் தமிழ் வேண்டுமே. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, முன்கூட்டியே பொது அனுமதி தரும் உரிமத்தில் வரும் நூல்கள் பலவற்றை, மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு, தனி அனுமதி இல்லாமலே மொழிபெயர்க்கலாம். திறந்த நூல் என்றால் எனக்கு முக்கியம் இதுதான்.

கேள்வி: என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் செலவில்லாமல் புத்தகமாகப் போடுவதாக ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. ஒத்துக்கொள்ளலாமா?
– ஆய்வு மாணவர், கூலிம்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. யார் மதிப்பிடுவார்கள், யார் திருத்துவார்கள், உரிமை யாரிடம் இருக்கும் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒருவரும் படித்துப் பார்க்காமலே “ஏற்றுக்கொண்டோம்” என்றால் விட்டுவிடுங்கள். 2012-ல் தொடங்கிய டிஓஏபி (DOAB) என்ற இணைய அட்டவணையில் வல்லுநர் மதிப்பீடு பெற்ற திறந்த நூல்களை மட்டுமே சேர்க்கிறார்கள். அந்தப் பதிப்பகத்தின் நூல்கள் அங்கே இருக்கின்றனவா என்று தேடுங்கள். கேம்பிரிட்ஜில் 2008 முதல் நடக்கும் ஓப்பன் புக் பப்ளிஷர்ஸ் போன்றவர்கள், எழுதியவர் பணம் கட்டியே ஆகவேண்டும் என்று கேட்பதில்லை. அச்சுப் பிரதி விற்பனை, நூலகங்களின் சந்தா, நன்கொடை ஆகியவற்றால் நடத்துகிறார்கள். அவர்களுக்கு ஒரு முன்மொழிவு எழுதிப் பாருங்கள். ஆய்வேட்டை உங்கள் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் திறந்து வைக்க முடியுமா என்று நூலகத்தில் இந்த வாரமே கேளுங்கள்.