குழிக்கணக்குத் தெரியாத மென்பொருளும் கோண்டாவில் பெடியனும்

போன சனிக்கிழமை கோண்டாவிலிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகனின் படிப்பு விஷயமாய் ஆலோசனை கேட்க அவனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஏ.எல்.-இல் மட்ஸ், ஒரு சி, இரண்டு எஸ். இரண்டாந்தரமும் எடுத்தாயிற்று, பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி காணாது. தாய் கொழும்புத் தனியார் நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியியல் பட்ட விளம்பரத்தை மேசையில் விரித்தார். "கனடாவில இருக்கிற தம்பி அரைவாசி தாறன் எண்டிட்டான். மிச்சத்துக்கு சுன்னாகக் காணியை ஈடு வைக்கலாம். இவன்தான் வாயைத் திறக்கிறானில்லை. நீங்கள் ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ."

மூன்று பரப்புக் காணி. அவர்களிடம் இருப்பது அவ்வளவுதான்.

முதல் பத்து நிமிடம் நானும் வழமையான ஆறுதலைச் சொன்னேன். பிறகு பெடியனிடம், "சோதனை முடிஞ்ச பிறகு இவ்வளவு நாளும் என்ன செய்தீர்?" என்று கேட்டேன். ஒரு நில அளவையாளரின் கந்தோரில் ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில் படம் கீறப் போகிறாராம். "சும்மா இருக்காமல் போறான்" என்றார் தாய். பெடியன் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். திரை நிறைய அடைப்புக்குறி.

எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் அளவு பரப்பிலும் குழியிலும் இருக்கும். மீற்றரில் கீறிய படத்துக்கு ஓட்டோகாட் சதுர மீற்றரில்தான் சொல்லும். கலிபோர்னியாவில் செய்த மென்பொருளுக்குக் குழி தெரிய நியாயமில்லை. அதனால் அந்தக் கந்தோரில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவர் கல்குலேற்றரைத் தட்டுவார். பெடியன் அதற்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது அந்த வேலையைத் தானாகச் செய்கிற சின்ன நிரல், எழுதியிருக்கிறார். காணியின் எல்லைக்கோட்டைத் தொட்டால் அது பரப்பளவை எடுத்து, 25.29-ஆல் பிரித்துப் பேர்ச் ஆக்கி, பத்துப் பேர்ச்சை ஒரு பரப்பாகவும் மிச்சத்தை, வரகுக் கணக்கு என்ற ஊர்க் காணி அளவு முறைப்படி பரப்புக்குப் பதினெட்டாக, குழியாகவும் மாற்றித் துண்டின் நடுவில் எழுதிவிடும். 700 சதுர மீற்றர் என்றால் 2 பரப்பு 13.8 குழி. எழுத நாலு நாள் எடுத்ததாம். அதில் இரண்டு நாள் மூடாமல் விட்ட ஒரேயொரு அடைப்புக்குறியைத் தேடியதில் போனதாம்.

"வெப்சைட், போன் அப் செய்யிறது விருப்பமோ?" என்றேன்.

"இல்லை சேர். எனக்குப் படம் கீறத்தான் விருப்பம். ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்யத்தான் விருப்பமில்லை."

அதோடு நான் ஆறுதலை நிறுத்திக்கொண்டேன். அம்மா, அந்த விளம்பரத்தை மடித்து வையுங்கோ. உங்கள் தம்பி 'ஐ.ரி.' என்கிறார், சரி. ஆனால் உங்கள் மகனுடைய மனம் நிலத்திலும் அளவிலும் இருக்கிறது. அவருக்குக் கணினி ஒரு கருவி. கருவியைத் தன் கைக்கு ஏற்றபடி வளைக்கிற வேலையை ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே தொடங்கிவிட்டார். அதை விடுவித்து நாலு வருடம் கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்து இருத்தினால், பட்டம் வரும், பிள்ளையின் பிடிப்புப் போய்விடும். பொறியியல், வங்கி, ஆசிரியர் நியமனம் பற்றி நான் ஒன்றும் பேசப் போவதில்லை. அதற்கு ஒழுங்கைக்கு ஒரு மாமா இருக்கிறார்.

பெடியன் எழுதியது ஓட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழியில். 1982-இல் வந்த ஓட்டோகாட்டுக்குள் அதை 1986-இல் வைத்தார்கள். அதன் தாய்மொழியான லிஸ்ப் 1958-ஆம் ஆண்டுச் சரக்கு. பழசு என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம், அந்தக் காலத்தில் எழுதிய எத்தனையோ ஸ்கிரிப்ட் இன்றைக்கும் ஓடுகிறது. ஓட்டோகாட் எல்.ரி. என்ற மலிவுப் பதிப்பில் இந்த வசதி நெடுங்காலம் இல்லை. 2024 பதிப்பிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். பிரிக்ஸ்காட், இசட்.டபிள்யூ.காட் போன்ற மாற்று மென்பொருள்களிலும் பெரும்பாலும் அதே ஸ்கிரிப்ட் ஓடும். அதனால் சின்னக் கந்தோர்களிலும் இதற்கு வேலை இருக்கிறது.

தம்பி, இனி உமக்கு. அடுத்ததாக ரோட்டல் ஸ்ரேசன் என்ற நில அளவைக் கருவி தருகிற ஆள்கூற்றுக் கோப்பை எடும். அதை வாசித்து மூலைகளைக் குறித்து, இலக்கமிட்டு, பக்கத்தில் அட்டவணை போடுகிற ஸ்கிரிப்டை எழுதும். அதில் ஒரு பொறி இருக்கிறது. கோப்பில் பல நேரம் வடக்குத் தூரம் முதலில் வரும், ஓட்டோகாட்டுக்குக் கிழக்குத் தூரம் முதலில் வேண்டும். மாறினால் காணி இன்னொரு ஊரில் போய்க் கிடக்கும். 'மல்ஃபோம்ட் லிஸ்ட் ஒன் இன்புட்' என்று ஓட்டோகாட் திட்டினால் அடைப்புக்குறியை எண்ணும், பயப்பட வேண்டாம். ஸ்கிரிப்ட் எழுத முன்னம், கையால் செய்கிற ஒவ்வொரு படியையும் கொப்பியில் தமிழிலேயே எழுதும். எழுத முடியாத படி எதுவோ, அது உமக்கு இன்னும் விளங்கவில்லை. எழுதி முடித்த பிறகும் ஒவ்வொரு படத்திலும் மூன்று துண்டைக் கல்குலேற்றரில் சரிபாரும். கையால் பிழை விட்டால் ஒரு உறுதிதான் பிழையாகும், ஸ்கிரிப்டில் பிழை இருந்தால் ஐம்பது.

லிஸ்ப் கைக்கு வந்ததும் கியூஜிஐஎஸ் பக்கம் போம். நில வரைபடத்துக்கான மென்பொருள், முற்றிலும் இலவசம், பைத்தனில் ஸ்கிரிப்ட் எழுதலாம். எங்கள் நாட்டு எஸ்.எல்.டி. 99 ஆள்கூற்று முறையும் அதில் இருக்கிறது.

"பட்டம் இல்லாட்டில் ஆர் மதிப்பினம்?" என்று தாய் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உண்டு, ஏழாவது பட்டத்துக்குச் சமம். வேலை செய்து பெற்ற திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிற 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற வழியும் அதில் இருக்கிறது. ஐந்தாம், ஆறாம் மட்டம் வரை ஏறினால் இரத்மலானையில் தொழிற்றொழினுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆக, பட்டத்துக்கான கதவு மூடவில்லை. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் சின்னதாகத்தான் இருக்கும், 'ஓட்டோலிஸ்ப் தெரிந்தவர் தேவை' என்று பத்திரிகையில் விளம்பரமும் வராது. கந்தோருக்குள் இருந்துதான் மேலே வர வேண்டும். கலியாணப் பேச்சில் இதை விளங்கப்படுத்துவதும் கஷ்டம்தான்.

காணி விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஈடு வைக்க வேண்டாம். பெடியன் கேட்காத படிப்புக்கு வட்டி கட்டக் கூடாது. தம்பியார் காசு தருவாரென்றால், ஒரு நல்ல மடிகணினிக்கும் ஓட்டோகாட் உரிமத்துக்கும் அனுப்பட்டும். மாணவருக்கான இலவச உரிமத்தைச் சம்பள வேலைக்குப் பாவிக்கக் கூடாது. களவுப் பிரதி வேண்டவே வேண்டாம்.

அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்த தகப்பன் மகனின் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கட உறுதியில ரெண்டு தரம் குழியைப் பிழையா எழுதிப்போட்டாங்கள்" என்றார், ஒருவரையும் பார்க்காமல்.

தம்பியார் கோபித்தால் என் நம்பரைக் கொடுங்கோ, அம்மா. அவர் வேலையால் வந்து சாப்பிடுகிற நேரம் எனக்கு விடிய ஐந்து மணி. நான் எழும்பித்தான் இருப்பேன்.